பங்கேற்பாளர் 14

மார்ச் 3, திங்கள்

காலாண்டு ஆய்விதழின் அச்சு மெய்ப்பு பிழைதிருத்த என் மேசைக்கு வந்துவிட்டது. மூன்று கட்டுரைகள். கணினி வலைப்பின்னல் பாதுகாப்பு ஒன்று, கோபால்ட் சேர்மங்கள் ஒன்று, படித்த பெண்களின் வேலையும் திருமணமும் பற்றி ஒன்று. எனக்கு மூன்றும் ஒன்றுதான். காற்புள்ளி சரியாக விழுந்தால் போதும். எங்கள் பொறுப்பாசிரியருக்கு ஆபீசில் 'அவசரம்' என்று பெயர். "பதினாலாம் தேதி அச்சுக்குப் போயாகணும்" என்று இப்போதே குதிக்கிறார்.

கோபால்ட் வாய்பாட்டில் சந்தேகம். தாளை வீட்டுக்கு எடுத்துவந்து மனைவியிடம் காட்டினேன். கல்யாணத்துக்கு முன் அவள் ஆராய்ச்சி செய்தது அதில்தான். எட்டிப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டாள்: "ஆறு அம்மோனியாவும் அடைப்புக்குள்ள வரணும். மூணு குளோரினும் வெளியே நிக்கணும். மாத்திப் போட்டிருக்காங்க." பிறகு தாளைத் திருப்பித் தரவில்லை. நின்றபடியே கடைசி வரை படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

மார்ச் 4

அவளுடைய பழைய பேராசிரியை இப்போது வேறு ஊரில் ஆய்வகம் நடத்துகிறார். இந்த வாரம் இரண்டாவது முறையாகக் கூப்பிட்டிருக்கிறார். "என்னவாம்?" என்றேன். "சும்மாதான்" என்றாள்.

மார்ச் 6, வியாழன்

எப்படி எழுதுவது? படித்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். மூன்றாவது கட்டுரை, பக்கம் 41, பங்கேற்பாளர் 14 —

"கல்யாணம் ஆன புதுசுல ஆய்வகத்துலேர்ந்து திரும்பக் கூப்பிட்டாங்க. செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல அரை மணி நேரம் நின்னேன். போகட்டுமான்னு அவர்கிட்ட கேட்டேன். 'உன் இஷ்டம்'னார். பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கல. செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போயிட்டேன்."

அது எங்கள் வாசல். அந்தப் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தவன் நான்.

முடிவை அவளிடமே விட்டுவிட்டேன் என்று ஒன்பது வருடமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே! நாலு பேரிடம் சொல்லிக்கூட இருக்கிறேன். அடுத்த பத்தி இன்னும் மோசம்: "இன்னொரு தடவை கூப்பிட்டா, கேக்காமலேயே போயிடுவேன். அவர் கெட்டவர் இல்ல. அதான் கஷ்டம். கெட்டவரா இருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம்."

எந்த இதழில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் வாய் திறந்திருப்பாளா? பேட்டி கொடுத்தவர்களின் வார்த்தையில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் விதி. எழுத்துப்பிழை பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். வேறென்ன செய்ய?

மார்ச் 7

வலைப்பின்னல் கட்டுரை. பெயரை அழித்துவிட்டாலும், மூன்று தகவல் இருந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாமாம். எனக்கு ஒரு ஜோடிச் செருப்பே போதுமாக இருந்தது.

காலையில் மெல்ல ஆரம்பித்துப் பார்த்தேன். "நீ மறுபடி வேலைக்குப் போகலாமே?" சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "என்ன திடீர்னு?" "சும்மாதான்" என்றேன். சே.

மார்ச் 10, திங்கள்

மூன்றாவது கட்டுரையின் ஆசிரியை போன் செய்தார். திருத்திய மெய்ப்பைப் பார்த்திருக்கிறார்.

"பங்கேற்பாளர் 14 மாங்கனீசுல ஆராய்ச்சி பண்ணினாங்கன்னு இருந்ததை கோபால்ட்னு அடிச்சுத் திருத்தியிருக்கீங்களே சார். ஆள் தெரியக்கூடாதுன்னு நான்தான் மாத்தி வச்சேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நானா திருத்தினேன்? நகலை எடுத்துப் பார்த்தேன். என் சிவப்பு மை, என் கையெழுத்து. தப்பைக் கண்டால் கை தன் பாட்டுக்குப் போய்விடுகிறது. "என் மனைவி ஆராய்ச்சி பண்ணினது கோபால்ட்ல மேடம்" என்றேன். "ஐயோ... சார்" என்றார்.

யாராவது அடையாளம் கண்டுகொண்டால் தெரிவிப்பேன் என்று பேட்டி கொடுத்தவர்களுக்கு அவர் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். "நான் அவங்ககிட்ட சொல்லியாகணும்."

"ரெண்டு நாள் கொடுங்க மேடம். நானே சொல்லிடறேன்."

"சரி. புதன் சாயங்காலம் வரைக்கும்தான்."

மார்ச் 11

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். "என்னங்க?" "ஒண்ணுமில்ல." போர்வையின் இரண்டு முனைகளை என் பக்கம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். சேர்ந்து மடித்தோம். மடிக்க மடிக்கக் கிட்டே வந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 12

இன்றும் இல்லை. ஏன்டா இப்படி இருக்கே? மூணே வார்த்தை. 'போ, நான் பார்த்துக்கறேன்.' எழுத வருது, சொல்ல வரலையே. பயம்தான். சொன்னால் நிஜமாகவே போய்விடுவாளோ என்ற பயம்.

மார்ச் 13, வியாழன்

ஆபீசிலிருந்து வந்தபோது கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் போன்.

"எப்போ படிச்சீங்க?"

"போன வியாழக்கிழமை."

"ஒரு வாரமா என் எதிர்லயே உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க."

"சொல்லணும்னுதான்..."

"நான் சொன்னதுல ஏதாவது பொய்யா?"

"இல்ல."

"அதையாவது சொல்லியிருக்கலாமே."

அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. பேராசிரியையிடம் வருகிறேன் என்று செவ்வாய்க்கிழமை காலையிலேயே சொல்லிவிட்டாளாம். திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். "நீங்களா ஏதாவது பேசுவீங்களான்னு அன்னைக்கு போர்வை மடிக்கற வரைக்கும் பார்த்தேன்" என்றாள்.

"இப்ப நான் என்ன பண்ணணும்? நீயே சொல்லு."

"பாத்தீங்களா? இப்பவும் என்கிட்டயே விடறீங்க."

பெட்டியை மேலிருந்து இறக்கித் தரச் சொன்னாள். இறக்கிக் கொடுத்தேன். அது ஒன்றுதான் என்னிடம் கேட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் கட்டுரை ஆசிரியையின் மின்னஞ்சல். பங்கேற்பாளர் 14 தன் பேட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். முழுவதையும் நீக்கிவிடவும். 15 முதல் 22 வரை எண்களை ஒன்று குறைக்கவும்.

செய்தேன். இருபத்திரண்டு பெண்கள் என்று வந்த இடமெல்லாம் இருபத்தொன்று ஆக்கினேன். பக்கம் 41-இல் மேல் பத்தியையும் கீழ்ப் பத்தியையும் சேர்த்து, இடைவெளி தெரியாமல் வரிகளைச் சரிக்கட்டினேன். அவசரம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பிரமாதம்யா. எடுத்த இடமே தெரியல."

அவள் ரயில் நாலு மணிக்கு. அரை நாள் விடுப்புக் கேட்டேன். "அச்சுக்கு அனுப்பிட்டுப் போங்களேன்" என்றார். சரி என்றேன்.

அனுப்பி முடித்தபோது மணி நாலேகால்.