மதில் மேல் ஐந்து பூனைகள்

மார்ச் 3

இன்றைய நிலவரம்: ஆளுங்கட்சி 48, எதிர்க்கட்சி 48, பூனைகள் 5. சட்டமன்றத்தில் மொத்தம் நூற்றொரு இடம். ஐம்பத்தொன்று கையில் இருந்தால் ஆட்சி. எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாத தொகுதிகளை எங்கள் ஆய்வு அலுவலகத்தில் பூனை என்றே சொல்கிறோம். சுவர் வரைபடத்தில் அவற்றுக்கு மஞ்சள் நிறம்.

ஐந்தில் ஒன்றில் அக்கா எதிர்க்கட்சி வேட்பாளர். என் ஓட்டும் அங்கேதான்.

அந்தத் தொகுதியை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று இயக்குநரிடம் கேட்டேன். "அந்தத் தெருவெல்லாம் உனக்குத்தானே தெரியும்? நீயே பாரு. நம்ம வழக்கம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்" என்றார். வழக்கம் இதுதான்: இங்கே வேலை செய்பவர்கள் ஓட்டுப் போடுவதில்லை. சட்டமெல்லாம் இல்லை, அவர் பிடித்துவைத்திருக்கும் விரதம். மை படாத விரல்தான் நேர்மையாகக் கணக்குப் போடுமாம். வாக்குப்பதிவுக்கு மறுநாள் எல்லோர் விரலையும் பார்ப்பார். விளையாட்டாகத்தான், ஆனால் பார்ப்பார்.

மார்ச் 9

நாள் முழுக்கத் தொலைபேசி. "நீங்க யாருக்குப் போடுவீங்க?" என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் பாதிப் பேர் நமக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். "உங்க பக்கத்து வீட்டுல யாருக்குப் போடுவாங்க?" என்றுதான் கேட்போம். தன்னைப் பற்றிப் பொய் சொல்பவர்கள்கூட அடுத்த வீட்டைப் பற்றி உண்மையை அள்ளிக் கொட்டுவார்கள்.

அக்கா தொகுதியில் ஒரு தையல்காரர்: "நல்ல பொண்ணுங்க அது. நான் அதுக்குத்தான். பக்கத்து வீட்டுல போட மாட்டாங்க." மருந்துக்கடைக்காரரும் அதையே சொன்னார். தெரு முழுக்க அக்கா பக்கம்; எல்லோருடைய பக்கத்து வீடும் அக்காவுக்கு எதிர். சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

மார்ச் 15

அக்கா வந்தாள். செருப்பு தேய்ந்திருந்தது, குரலும்தான். தண்ணீர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"என் தொகுதி இன்னும் மஞ்சள்தானே?"

"வெள்ளிக்கிழமை பட்டியல் வரும்."

"எங்க கட்சித் தலைமை உங்க பட்டியலைத்தான் பார்க்கும். மஞ்சள் போச்சுன்னா என் வண்டி, ஆளுங்க எல்லாத்தையும் அடுத்த பூனைக்கு அனுப்பிடுவாங்கடி. ஒரு வாரம் மாத்தாம வை. பொய் சொல்லச் சொல்லல."

பார்க்கிறேன் என்றேன். எங்கள் வீட்டில் 'பார்க்கிறேன்' என்றால் முடியாது என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 17

இரண்டாம் சுற்று முடிந்தது. அதே எண்கள். அக்கா நாலாயிரம் ஓட்டு பின்னால் இருக்கிறாள்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மஞ்சளை அழித்து நானே நீலம் தீட்டினேன். ஆளுங்கட்சி 49.

மார்ச் 21

வண்டிகள் போய்விட்டன. அம்மா போனில், "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்வாங்க. உங்க ரெண்டு பேரையும் பார்த்தாதான் புரியுது" என்றாள்.

நான் செய்தது சரிதானே? சரிதான். அப்புறம் ஏன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன்?

மார்ச் 26

அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 2

வாக்குப்பதிவு. மழை. அலுவலகம் விடுமுறை. மத்தியானம் கொஞ்சம் வெளியே போய்விட்டு வந்தேன்.

ஏப்ரல் 3

விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். இயக்குநர் என்னாச்சு என்றார். காய் நறுக்கும்போது கத்தி பட்டுவிட்டது என்றேன். "கத்தின்னா கவனமா இருக்கணும்" என்றார். நம்பினாரா, தெரியவில்லை.

ஏப்ரல் 5

ஆளுங்கட்சி 51, எதிர்க்கட்சி 50. அக்கா 312 ஓட்டில் தோற்றுவிட்டாள். அவள் ஜெயித்திருந்தால் ஆட்சியே மாறியிருக்கும்.

எங்கள் கணிப்பில் இரண்டே இரண்டு தொகுதிதான் தப்பிப்போனது. இயக்குநர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அக்கா தொகுதியையும் சரியாகச் சொன்னேன் என்று என் முதுகில் தட்டினார்.

என்னத்தைச் சரி? நாலாயிரம் என்றேன், முன்னூறில் வந்து நிற்கிறாள். வண்டி இல்லாமல், நடந்தே. வண்டி இருந்திருந்தால்? அவள் தோற்பாள் என்று கண்டுபிடித்தேனா, இல்லை நானே தோற்கடித்தேனா? இதை யாரிடம் போய்க் கேட்பது — பக்கத்து வீட்டிலா? என்ன பிழைப்போ இது. இனிப்பு இறங்கவில்லை.

ஏப்ரல் 7

அக்கா வீட்டுக்குப் போனேன். "வாங்க கணக்குப்புலி" என்றாள்.

கூடம் முழுக்க அவள் முகம் அச்சடித்த துண்டறிக்கைகள், கொடுக்க ஆளில்லாமல் மிஞ்சியவை. பழைய பேப்பர் கடைக்குப் போடக் கட்டிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். முடிச்சுப் போடப் பிளாஸ்திரி இடைஞ்சலாக இருந்தது. பிய்த்தெறிந்தேன்.

அக்காவின் கை நின்றது. எங்கள் அலுவலக விரதத்தை வருஷக்கணக்காகக் கேலி செய்தவள் அவள். என் விரலைப் பிடித்து, மையைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"தோப்பேன்னு தெரிஞ்சுதானே போட்ட?"

"ஆமா."

"பைத்தியம்" என்றாள். அடுத்த கட்டை என் பக்கம் தள்ளி, "கயித்தை நல்லா இறுக்கிப் பிடி" என்றாள்.

பிடித்தேன்.