சிவப்பு நூல் கட்டிய குருத்தோலை

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த என் லெட்சுமியக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, வாசலுக்கு மேல் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையை எடுத்தேன். திருநீற்றுப் புதன் வருகிறது. எரித்துச் சாம்பலாக்கப் பழைய ஓலைகளை மாதா கோயிலில் கேட்டிருக்கிறார்கள். அலமாரியில் பையைத் தேடும்போது உங்களுக்கு நான் மடித்துக் கொடுத்ததும் கைக்கு வந்தது. தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து வந்த உங்கள் சாமான்களில் இருந்ததாம். உங்கள் மகள் கவிதா கொண்டுவந்து கொடுத்தாள்.

ஓலை கிழிந்துவிட்டதென்று நடுவில் சிவப்பு நூல் சுற்றிக் கொடுத்தேனே, அதுதான். அலுவலக மேசையில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "உங்க சாமியும் கொஞ்சம் பாத்துக்கட்டும் லா" என்றீர்களே.

அக்கா, நாம் அனுப்பியது வெளியே வந்துவிட்டது. தொழிற்சாலை வாய்க்காலில் விட்ட கழிவுநீரின் உண்மையான பரிசோதனை அறிக்கையை, நீங்கள் கண்ணை மூடிய பிறகு அந்தச் செய்தி இணையதளம் வெளியிட்டது. அதிகாரிகள் வந்தார்கள். நம் தாமான் வீடுகள் பக்கம் இப்போது அந்த நாற்றம் இல்லை. அனுப்பியது எவனோ தைரியமான ஆம்பளையாம், ஃபேஸ்புக்கில் எழுதுகிறார்கள். இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள் அல்லவா?

அறிக்கையை உங்கள் மேசையில் வைத்து நீங்கள் எடுத்த போட்டோவில் பெயர்களையெல்லாம் மறைத்தோம். புது மின்னஞ்சல் கணக்கு திறந்து, என் சமையலறையில் உட்கார்ந்து அனுப்பினோம். தாளின் ஓரத்தில் தெரிந்த ஓலை மட்டும் நம் இருவர் கண்ணிலும் படவில்லை. தினமும் பார்க்கிற பொருள் கண்ணில் படுமா?

நிர்வாகத்தின் கண்ணில் பட்டுவிட்டது. சிலுவை என்றால் கிறிஸ்தவர்தானே? உங்கள் பிரிவில் கிறிஸ்தவர் அந்தோணி தம்பி ஒருவர்தான். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணை.

ஞாயிறு பூசை முடிந்து அவரைப் பார்த்தேன். கோப்பிக் கடையில் 'ஹீரோ' என்று கூப்பிட்டுச் சீண்டுகிறார்களாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "நான் இல்லன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேக்குறாங்க அக்கா. எனக்கு யாரைத் தெரியும்?" என்றார். நான் அவருடைய சின்ன மகளின் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

கூலிம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டது ஒன்றுதான். "நான் செத்தாலும் என் பேரு வெளிய வரக்கூடாது ரோஸி. கவிதாவும் அங்கதான் வேலை செய்யுது." சரி என்றேன். அப்போது அந்தோணி நம் இருவர் நினைவிலும் இல்லை.

உங்களுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து என்னை விடுவிக்க இனி யார் இருக்கிறார்கள்? நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் நீங்களே எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கு வசதியாக நினைத்துக்கொள்கிறேனா? தெரியவில்லை, அக்கா.

கோயிலில் என் ஓலையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். உங்களுடையது இதை எழுதும் மேசையில் இருக்கிறது.

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. இன்று மாலை கவிதாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அழுதாலும் திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். திங்கட்கிழமை இந்த ஓலையோடு விசாரணைக்குப் போவேன். மடித்தது நான், இருந்தது உங்கள் மேசையில், அனுப்பியது நாம் இருவரும் என்று சொல்வேன். அதற்குப் பிறகுதான், அனுப்பியது யார் என்று ஊரும் அறிய, இந்தக் கடிதம் பத்திரிகைக்குப் போகும்.

கவிதாவுக்கு என்ன வந்தாலும் அவளைத் தனியாக நிற்க விடமாட்டேன். இந்த வாக்கையாவது காப்பாற்றுவேன்.

சுவருக்கு இந்தப் பக்கத்துத் தங்கை,
ரோஸி