கீழ்க்குழாயில் இருந்தது

திருப்பதி,
செவ்வாய் மதியம்.

அன்புள்ள சபீனா,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் காகிதம். இங்கே வெயில் குறைந்துவிட்டது. நம் லேபில் குழாய்களைச் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜைப் பழுது பார்த்துவிட்டார்கள், இப்போது சத்தமே இல்லை.

முதல் வாரம் ஃபில்டர் குழாயைக் காட்டிச் சொன்னாயே: “சுத்தினா தண்ணி கீழ எறங்கிடும், நம்ம ஆன்டிபாடி சவ்வு மேல நின்னுக்கினு இருக்கும். ஆனா ரீடிங் பாக்காம கீழ இருக்கறத ஊத்திடாத.”

நீ கிளம்பிப் போன அன்று, சுற்றி முடித்தபோது சவ்வின் மேலே ஒன்றும் நிற்கவில்லை. உன் ஆறு வார உழைப்பு. கீழே இறங்கியதைப் பிடித்த கீழ்க்குழாய் எங்கே என்று லேப் மேடம் கேட்டபோது, “சபீனா ஊத்திட்டா மேடம்” என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பையை எடுத்துக்கொண்டு ஊருக்கு, காளஹஸ்தி பஸ் ஏறிவிட்டாய்.

நீ ஊற்றவில்லை. சாம்பிளை விடும்போது என் பிப்பெட் நுனி சவ்வைக் கிழித்துவிட்டது. எல்லாம் கீழே இறங்கியது எனக்குத் தெரியும். சொல்லப் பயம், ஊற்றவும் மனசு வரவில்லை. நான்கு மாதமாக அந்தக் குழாயை டீப் ஃப்ரீசரில் என் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

இன்று காலை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதிரிலேயே அந்தக் குழாயில் இருந்ததைப் புது ஃபில்டரில் விட்டுச் சுற்றினேன். மேலே நின்றது, சபீனா. முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.

மேடம் தெலுங்கில் அரை மணி நேரம் திட்டினார். கடைசியில் தமிழுக்கு மாறி, “அந்தப் பொண்ண வரச் சொல்லு” என்றார்.

குழாயில் உன் பெயரை ஒட்டியிருக்கிறேன். நீ வந்து திற.

இப்படிக்கு,
உன் பக்கத்து ஸ்டூல்காரி