மாதாவுக்குத் தாய்வீடு இல்லையா?

பாம்பன்
11-12-1956

சேசு மரி சூசையின் காவலில் சுகமாக இருக்கவேண்டிய மகள் மதலேனுக்கு, அய்யா இஞ்ஞாசி எழுதிக்கொள்வது.

ஒன்றேமுக்கால் வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும், இங்கே யாரோ போய்விட்டார்கள் என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. எல்லோரும் இருக்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குத் தொப்பை, என் கருவாட்டு வியாபாரத்துக்கு மழை. காரல் மீன் காயாமல் நாறுகிறது. பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் அது காரல் இல்லை, நான்தான் என்று தெருவில் சொல்லி வருகிறாள்.

உன் அண்ணனும் மதினியும் மண்டபத்தில் வேலைக்குப் போயிருப்பதால் அவர்கள் பிள்ளைகள் செசிலியும் தொம்மையும் எங்களோடு இருக்கிறார்கள். கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியாருக்குக் காய்ச்சல். பாலன் பிறப்பைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள் என்று சாமியார் சொல்லிவிட்டார். பிரசங்கத்தில் குறட்டை விட்டுப் பேரெடுத்த நான் வாத்தியார் ஆனேன். ஒருத்திக்கு ஏழு வயது, ஒருத்தனுக்கு ஐந்து. அவர்களுக்குத் தெரிந்த கிறிஸ்மஸ் புதுச்சட்டையும் முறுக்கும்தான்.

நேற்றுக் குடில் கட்டிக்கொண்டே சொன்னேன். பொம்மை ஒட்டகத்துக்குக் கழுத்து ஒடிந்துவிட்டதால் தொம்மை அதை மாடு என்று வைத்துவிட்டான். மாதா நிறைமாதம், சூசையப்பர் வீடு வீடாகக் கேட்டார், எல்லோரும் கதவைச் சாத்தினார்கள், கடைசியில் மாட்டுக்கொட்டில் என்று கண்ணை உருட்டிச் சொன்னேன். செசிலி குறுக்கே விழுந்தாள். "ஏன் தாத்தா, தலைப்பிள்ளைக்கு அம்மா வீட்டுக்குத்தான போவாக? மாதாவுக்கு அம்மா வீடு இல்லையா?"

இருக்கிறது, நாசரேத்தில், அம்மா பேர் அன்னம்மாள், அய்யா பேர் சுவக்கின் என்றேன். ராசா தலைக்கணக்கு எடுக்க அவர்களைச் சூசையப்பர் ஊருக்குப் போகவைத்த கதையும் சொன்னேன். அவளுக்கு அது பத்தவில்லை. "அவுக அய்யா போய்க் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள். அதற்குத் தொம்மை, "அவருக்குக் கோவமா இருந்திருக்கும். தாத்தாவுக்கு அத்தை மேல இருக்குல்ல, அது மாதிரி" என்றான். அடுப்படியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

போன வாரம்தான் என்னோடு வியாபாரம் செய்யும் பாக்கர், உங்கள் அபிராமம் சந்தைக்குக் கருவாடு கொண்டு போனவன், உன்னைப் பார்த்ததாக வந்து சொன்னான். ஏழு மாதம் இருக்கும், முகம் வெளுத்திருக்கிறது, மாமியாரும் இல்லாத வீடு, ஒத்தாசைக்கு ஆளில்லை என்றான். "நீரெல்லாம் ஒரு தகப்பனாய்யா?" என்றும் கேட்டான். உன் கருவாட்டைப் பார் என்று விரட்டிவிட்டேன். மருதுபாண்டியை நீ பதிவு ஆபீசில் கட்டிக்கொண்ட அன்று, வேற்று மதத்துக்காரனோடு என் வாசல்படி மிதிக்காதே என்று சொன்ன வாய்தானே.

பிள்ளைகள் பதிலுக்குக் காத்திருந்தன. எதையும் கேலி பேசித் தப்பிக்கிற நான் நேற்றுத் தப்பிக்கப் பார்க்கவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். ஆண்டவர் இருக்க இடமில்லாதவராக வந்தார். சாத்தின கதவை உடைக்கவில்லை, சாபம் போடவில்லை. சாத்தினவர்களுக்கும் சேர்த்துத்தான் பிறந்தார். அதுதான் கிறிஸ்மஸ், முறுக்கெல்லாம் அப்புறம் என்றேன். சாத்தினவர்கள் விடிந்ததும் என்ன செய்தார்கள் என்று செசிலி கேட்டாள். வேதத்தில் இல்லை என்றேன். "நீங்களா இருந்தா?" என்றாள். வெட்கத்தோடு போய்க் கூப்பிடுவேன் என்றேன். உடனே உன் அம்மா அடுப்படியிலிருந்து, "பரமக்குடிக்குக் காலையில வண்டி இருக்கு" என்றாள்.

ஆகவே வருகிற திங்கட்கிழமை காலை வண்டியில் பரமக்குடி வந்து, அங்கிருந்து அபிராமம் வாரேன். மாப்பிள்ளையிடம் முறையாகக் கேட்டு உன்னை அழைத்துவர உத்தேசம். அன்று நான் பேசியதற்கு அவர் திட்டினால் வாங்கிக்கொள்வேன். லீவு கிடைத்தால் அவரும் வரட்டும். உன்னையும் உன் அண்ணனையும் எடுத்த மருத்துவச்சி பூமயில் இங்கேயே இருக்கிறாள். பிள்ளைக்கு என்ன பேர், எந்தச் சாமி என்று நான் வாய் திறந்தால் உன் அம்மா கையில் அகப்பை இருக்கிறது.

என் மேல் கோபம் தீரவில்லை என்றால் தீராமலே வா. மூன்று மாதம் இங்கே காலை நீட்டி உட்கார்ந்து கோபப்படலாம்.

தேவமாதா உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் காக்கட்டும். திங்கட்கிழமை வரை தண்ணீர்க்குடம் தூக்காதே, ஆத்தா.

உன் அய்யா,
இஞ்ஞாசி