களத்தில் காய்ந்த டபுள் பேஸ்

செம்மேடு,
திங்கள் காலை.

அன்புள்ள இளமதி அப்பாவுக்கு,

பானுமதி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். இளமதிக்குச் சளி விட்டது. மிளகு இந்த வருடம் நல்ல கனம்.

போனில் சொன்னால் "பரவாயில்லை, விடு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் டபுள் பேஸ், அந்த ஆளுயரப் பெரிய வயலின், உடைந்துவிட்டது. உடைத்தது நான்.

ஒத்திகைக்கு இரவல் வாத்தியம் போதும் என்று இதை விட்டுவிட்டுச் சென்னை போனீர்களே, பிறகு உறையைத் திறந்து பார்த்தேன். பனியில் உடம்பெல்லாம் வெள்ளைப் பூசணம். பூசணம் பிடித்த மிளகை என்ன செய்வேனோ அதையேதான் செய்தேன். களத்தில் தார்ப்பாய் விரித்து, மிளகுக்குப் பக்கத்தில் நல்ல வெயிலில் படுக்கப் போட்டேன். ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டியும் போட்டேன். மத்தியானம் டப்பென்று சத்தம். முன்பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது.

அதுவரை தெரியாமல் செய்தது. களத்தில் வேலை பார்க்கும் பொன்னம்மாள், "விடுங்கக்கா, இனி அண்ணன் ஊட்டோட இருப்பாருங்க" என்றாள். நான் அதட்டவில்லை. சிரித்தேன்.

மறுநாள் உங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பிரேம், வாத்தியத்தை எடுத்துப்போக வரட்டுமா என்று போனில் கேட்டார். மலை வளைவில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக் கிடக்கிறது என்றேன். உங்களிடமும் அதையே சொன்னேன். அன்றைக்கும் அதே ரோட்டில் என் மிளகு மூட்டைகள் முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிப் போயின. ஈர மிளகைக் காய்ந்தது என்று நான் யாருக்கும் விற்றதில்லை. பொய் உங்களிடம்தான் சொன்னேன்.

இருபது வருடமாக ஓட்டல்களில் அடுத்தவர் குழுவில் பின்னால் நின்று வாசித்தீர்கள். இப்போதுதான் 'சுதாகர் ஜாஸ் குழு' என்று நோட்டீஸ் வந்திருக்கிறது, மெட்டெல்லாம் உங்களுடையது. இளமதி அதைப் படித்துக் காட்டியபோதுகூட, எத்தனை நாள் வெளியூர் என்றுதான் கேட்டேன்.

நம் மூட்டை ஏற்றும் முகேஷ் வேனில் கம்பளி சுற்றி வாத்தியத்தை அனுப்புகிறேன். பிரேமிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்த ரிப்பேர்காரர், ஒட்டிவிடலாம், ஆனால் இந்தக் கச்சேரிகளுக்குள் முடியாது என்றாராம். இரவல் வாத்தியத்தையே கச்சேரிக்கும் பிரேம் கேட்டு வாங்கியிருக்கிறார். அது உங்கள் கைக்குப் பழகாதுதான். அதைச் சாக்காகச் சொல்லி மலையேறி வந்துவிடாதீர்கள். வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அதுதான் பயமாக இருக்கிறது.

கச்சேரி எல்லா ஊரிலும் நல்லபடி நடக்கட்டும். கிளம்பும் முன் ஒரு போன் போட்டு என்னைத் திட்டிவிட்டுப் போங்கள். திட்டாமல் மட்டும் போகாதீர்கள்.

உங்கள்
பானுமதி