வாசலில் நின்றால் அடிக்கும் மணி

அப்பா,

சார்ஜர் ஒயரைத் தேடி மேசை இழுப்பறையைக் குடைந்தபோது அந்த வெள்ளை மூடி கையில் தட்டுப்பட்டது. பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்குமே, அதுதான். அடியில் பச்சைப் பலகை, மூன்று ஒயர்கள், அவசரத்தில் நான் வைத்த கோணல்மாணலான சால்டர் ஈயப் பொட்டுகள். உங்களுக்காக, சரியாகச் சொன்னால் உங்களுக்கு எதிராக, நான் செய்த கருவி. நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் கழித்து உங்களுக்குத் திரும்ப ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் பழைய ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் மாடி வீட்டிலிருந்து இறங்கி, ஐ.என்.ஏ. சிக்னல் வரை போய்விட்டீர்கள். ஆட்டோவும் பஸ்ஸும் பறக்கிற ரோட்டின் நடுவில் நின்றிருந்தீர்கள். அடுத்த நாள் கதவைப் பூட்டிப் பார்த்தேன். "தர்வாஜா கோலோ!" என்று, கதவைத் திறக்கச் சொல்லி நீங்கள் இந்தியில் போட்ட சத்தத்தில் மேல்வீடும் கீழ்வீடும் கூடிவிட்டன. அதற்குப் பிறகு பூட்ட மனசு வரவில்லை.

லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலரும், உடம்புச் சூட்டை வைத்து ஆள் அசைவதைக் கண்டுபிடிக்கும் சென்சாரும், ஓசை எழுப்ப ஒரு பஸ்ஸரும் வாங்கினேன். "சோர் கே லியே, மேடம்?" என்றார் கடைக்காரர். திருடனுக்குத்தான் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

அடுத்தவர் எழுதிய மென்பொருளில் நாள் முழுக்க, வீட்டில் உட்கார்ந்தபடியே, குற்றம் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. என் சொந்தக் கருவியின் லட்சணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. வாசற்கதவுக்கு மேலே பொருத்தினேன். நீங்கள் கிட்டே வந்ததும் வீறிட்டது. காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டீர்கள்.

"என்னட்டி இது, நான் என்ன களவாணிப் பயலா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. புரோகிராமை மாற்றி, காலிங்பெல் மாதிரி மெதுவான ஓசை வைத்தேன். அது இன்னும் மோசம். மணி கேட்டதும், "யாரோ வந்திருக்காவ" என்று நீங்களே கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினீர்கள்!

கடைசியில் நீள ஒயர் இழுத்து பஸ்ஸரை என் அறைக்குக் கொண்டுபோய் லேப்டாப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் வாசலுக்கு வந்தால் எனக்கு மட்டும் கேட்கும். ஓடி வந்து, "வாங்கப்பா, காப்பி குடிக்கலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். குளிர்காலம் முழுக்க ஒரு தரம்கூடத் தப்பவில்லை. போகப்போக நாளுக்குப் பத்துப் பதினைந்து தரம் அடித்தது. மீட்டிங் நடுவில் அடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்து வருவேன். அது உங்களுக்குத் தெரிந்ததோ என்னவோ.

மே மாதம் ஒரு மத்தியானம் மணி அடிக்கவே இல்லை. அப்பாடா, நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் தொந்தரவில்லாமல் வேலை ஓடியது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. கட்டிலில் நீங்கள் இல்லை.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். இரண்டு பிளாக் தள்ளி, வேப்பமரத்தடியில் துணி இஸ்திரி போடுகிறவர் உங்களை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். பாபுஜி யாரையோ தேடுகிறார் என்று இந்தியில் சொன்னார். உங்கள் முகமெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கப்பா போனீங்க?" என்று தெரு என்றும் பாராமல் கத்தினேன்.

உங்களுக்குக் கோபம் வரவில்லை. "நான் வாசல்ல வந்து நின்னா நீ வருவேல்லா? இன்னைக்கு எம்புட்டு நேரம் நின்னேன், நீ வரல. உனக்கு என்னமோ ஏதோன்னு தேடி வந்தேன்."

காரணத்தை அன்று சாயங்காலமே கண்டுபிடித்தேன். கூலர் காற்று வாசல் வரை வராது. அந்த வெயிலில் சுவரும் உங்கள் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்திருக்கின்றன. சுற்றியிருப்பதிலிருந்து உடம்பு வேறாகத் தெரிந்தால்தான் அந்தச் சென்சாருக்கு ஆள் தெரியும். சென்னையில் இருக்கும் தம்பியிடம் போனில் இதைத்தான் விளக்கினேன். "சென்சார் கோளாறுக்கு நீ என்னக்கா செய்வ?" என்றான்.

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, என் மேசையை வாசற்கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். நீங்களும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். மீட்டிங்கில் என் தோளுக்குப் பின்னால் உங்கள் வழுக்கைத் தலை தெரியும். அதற்குப் பிறகு, அடுத்த தை மாதம் உங்கள் மூச்சு நிற்கிற வரை, நீங்கள் தனியாக வெளியே போகவே இல்லை.

நீங்கள் தப்பிக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் அத்தனை மாதமும் நினைத்திருந்தேன். என் பெயர் மறந்துபோன பிறகு, என்னைக் கூப்பிட உங்களுக்கு அந்த வாசல் ஒன்றுதான் மிச்சம் இருந்திருக்கிறது. தம்பியிடம் வெயிலைப் பற்றிச் சொன்னேன், சென்சாரைப் பற்றிச் சொன்னேன். ஒன்றை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் எனக்காக வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த நேரம் முழுக்க, மணி அடிக்கவில்லையே என்று நான் சந்தோஷமாக இருந்தேன், அப்பா.