திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லாமல் வாங்கிய பேக்கப் மென்பொருள் குறித்து

அனுப்புநர்:
ரத்தம் ஏற்றும் பிரிவில் பதிவாகியுள்ள சிறுமியின் பாட்டி (அப்பாவைப் பெற்றவள்),
கொள்முதல் குழுவில் நோயாளிக் குடும்பங்களின் சார்பு உறுப்பினர்,
அரசு குழந்தைகள் மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு விசாரணை அலுவலர் அவர்கள்,
சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: மருத்துவமனை சர்வருக்கு பேக்கப் மென்பொருள் தேர்வு செய்ததில் நடந்த தவறு – கணினிப் பிரிவு அலுவலர் மீது பழி சுமத்தப்பட்டது – அடுத்த தேர்வுக்கு முன் மீட்டுக் காட்டும் சோதனை நடத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. அன்று தேர்வுக் கூட்டத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசைக்குத் தலைமாட்டில் கண்காணிப்பாளர். அவருக்கு வலப்பக்கம் கொள்முதல் அலுவலர். எதிரே ரத்த வங்கி மருத்துவர்; பிள்ளைகள் அவரை மிட்டாய் டாக்டர் என்றுதான் கூப்பிடும். சுவரோரமாகக் கணினிப் பிரிவுப் பெண். திரைக்குப் பக்கத்தில் மென்பொருள் விற்க வந்தவர். கதவோர நாற்காலியில் நான். வேறு ஈ காக்கை இல்லை. கணினிப் பிரிவுப் பெண்ணைத் தவிர மற்றவர்கள் விசாரணையில் "சரியாக நினைவில்லை" என்று எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு நினைவிருக்கிறது.

2. நான் அதிகம் படித்தவள் இல்லை. நோயாளிக் குடும்பத்தில் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால் என்னைப் போட்டார்கள். "சும்மா உக்காந்துட்டுப் போங்க பாட்டி, கடைசியில ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார் கொள்முதல் அலுவலர். நான் சும்மா உட்காரவில்லை. காது கொடுத்துக் கேட்டேன்.

3. என் பேத்திக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். தள்ளிப்போனால் உதடு வெளுத்துவிடும், மாடிப்படி ஏற முடியாது. பல வருடம் ஏற்றியதில், அவள் உடம்பு ஒருவகை ரத்தத்தை எதிர்க்கத் தொடங்கிவிட்டது. குரூப் சரியாக இருந்தாலும் அந்த வகை ரத்தப் பை அவளுக்கு ஆகாது. இதைக் கண்டுபிடித்தவர் ரத்த வங்கி மருத்துவர்தான். "கொஞ்ச நாள் கழிச்சு டெஸ்ட் பண்ணா இந்த எதிர்ப்பு தெரியாமக்கூடப் போகும் பாட்டிம்மா. ஆனா உள்ளுக்குள்ள இருக்கும். அதனால பழைய பதிவைப் பாத்துத்தான் ரத்தம் குடுக்கணும். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், கவலைய விடுங்க" என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

4. இனி கூட்டத்துக்கு வருகிறேன். அதுவரை தினமும் சர்வரை முழுசாக நகல் எடுத்தார்கள். விடிந்து சீட்டு வாங்கும் வரிசை நின்ற பிறகும் அது முடியாது. கணினி நகராது, பிள்ளைகள் அழும். அதனால் ஒருமுறை முழுசாக எடுத்துவிட்டு, பிறகு அன்றன்று மாறியதை மட்டும் எடுக்கும் மென்பொருள் வேண்டும் என்றார்கள். "தெனமும் வீட்டையே பேத்து எடுத்துட்டுப் போக வேணாம் பாட்டி, இன்னிக்குப் புதுசா வந்த சாமான மட்டும் எடுத்து வெச்சாப் போதும்" என்று எனக்குப் புரியும்படி சொன்னவள் கணினிப் பிரிவுப் பெண். நல்ல யோசனை. இன்றைக்கும் அதற்கு நான் எதிரி இல்லை.

5. அப்படிப்பட்டதில் இரண்டு வந்திருந்தன. ஒன்று மிக வேகம், இடமும் குறைவு. ஆனால் ஒவ்வொரு நாள் துண்டும் முந்தின நாள் துண்டைப் பிடித்துத் தொங்கும். மற்றது கொஞ்சம் மெதுவு. ஆனால் அவ்வப்போது துண்டுகளைச் சேர்த்துப் புதிதாக ஒரு முழு நகல் கட்டும், துண்டு கெட்டிருக்கிறதா என்று தானே சோதிக்கும். அந்தப் பெண் இரண்டாவதைக் கேட்டாள். அதோடு, "பழைய மெஷின் ஒண்ணு காலியா இருக்கு. எடுத்து வெச்சத அதுல திருப்பிப் போட்டுக் காட்டட்டும். அப்புறம் எது வேணும்னு முடிவு பண்ணலாம்" என்றாள். இந்தச் சொற்களை அவள் சொல்லவே இல்லை என்றுதான் இப்போது குற்றப்பத்திரிகை சொல்கிறது.

6. விற்க வந்தவர், "பச்சை டிக் விழுந்துட்டா எல்லாம் பத்திரம்னு அர்த்தம் மேடம்" என்றார். கண்காணிப்பாளர், "குடை வாங்கறப்போ மழை வரட்டும்னு கடையிலயே நிப்போமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "விரிச்சாவது பாப்போமே சார்" என்றாள் அவள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவள் ரத்த வங்கி மருத்துவரைத் திரும்பிப் பார்த்து, "உங்க பதிவுதான் டாக்டர் இதுல உயிர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். அவர் மேசை மேலிருந்த கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "இதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நிர்வாகம் சொல்றதுதான்" என்றார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று முதல் மென்பொருளுக்கே முடிவு எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. "பாட்டி போடாட்டியும் கையெழுத்துக் கணக்கு சரியாத்தான் வருது" என்றார் கொள்முதல் அலுவலர்.

7. பிறகு சர்வர் படுத்தது. திரும்ப எடுத்தபோது முதல் முழு நகல் வந்தது, சில துண்டுகள் வந்தன. நடுவில் ஒன்று கெட்டிருந்தது. அதைப் பிடித்துத் தொங்கிய எதுவும் வரவில்லை. கெட்ட துண்டுக்கு நேரேயும் பச்சை டிக் இருந்ததாம். பிள்ளைகளின் பெயரும் குரூப்பும் மிஞ்சின. பின்னால் கண்டுபிடித்துச் சேர்த்தவை எல்லாம் போயின.

8. இது தெரியாமல் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். பையை மாட்டினார்கள். அவளுக்கு ஆகாத வகை பார்த்தாயிற்றா என்று கேட்டேன். செவிலியர் திரையைக் காட்டி, "அப்படி ஒண்ணுமே இல்லையே பாட்டி. டெஸ்ட்லயும் பொருந்திருக்கு. ஏன் பயமுறுத்துறீங்க?" என்றார். நான் குழாயை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டேன். காவலாளி வந்தார். "விடு பாட்டி, எல்லாரும் பாக்கறாங்க" என்று பேத்தி அழுதாள். அவள் உதடு காகிதம்போல இருந்தது. எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று ஒரு நொடி என் கையே தளர்ந்தது. ஆனாலும் விடவில்லை. ரத்த வங்கி மருத்துவர் வந்தார். திரையைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். "இது வேணாம். வேற பை கொண்டாங்க" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

9. அய்யா, அந்த வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் என்னைப்போல வாயாடிப் பாட்டி இல்லை. தங்கள் பிள்ளைக்கு எது ஆகாது என்று சொல்லத் தெரியாத தாய்மார் வரிசையில் நிற்கிறார்கள். இப்படி இருக்க, சோதனை கேட்டவளையே வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடி தேர்வுக் கூட்டம். அதே மென்பொருளின் புதுப் பதிப்பும் போட்டியில் இருக்கிறதாம்.

10. ஆகவே, அந்தப் பெண் கேட்டது உண்மை என்று என் வாக்குமூலத்தைப் பதிவு செய்து அவளை வேலையில் சேர்க்க வேண்டுகிறேன். எந்த மென்பொருள் வந்தாலும் ஒரு காலி மெஷினில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் பதிவையும் வீட்டாருக்குக் காட்டிய பிறகே வாங்க உத்தரவிட வேண்டும். வாங்கிய பின்பும் மாதாமாதம் அப்படி எடுத்துப் பார்க்க வேண்டும். அழிந்த விவரங்கள் திரும்பச் சேரும்வரை, ஒவ்வொரு பிள்ளைக்கும் மூத்த மருத்துவர் நேரில் விசாரிக்காமல் பை மாட்டக் கூடாது. தாங்கள் கூப்பிட்டால் அந்த ஐந்து பேர் முன்னாலும் இதையே சொல்வேன்.

11. எனக்குக் கோபம் சீக்கிரம் போகாது. வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் விற்க வந்தவரை விட்டுவிட்டேன், அவர் பிழைப்பு அது. கண்காணிப்பாளருக்குத் தன் வேடிக்கைப் பேச்சைத் தவிர வேறொன்றும் தெரியாது. கொள்முதல் அலுவலருக்கு எங்கள் பிள்ளைகள் முகமே தெரியாது. செவிலியர் மறுநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண் கலங்கினார், அது போதும். ஆனால் எது தொலைந்தால் யார் சாவார்கள் என்று அந்த அறையில் தெரிந்திருந்தவர் ஒருவர்தான். "அப்படி ஒரு சோதனை கேட்கப்பட்டதாக நினைவில்லை" என்று தங்களிடம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அடுத்த மாதமும் என் பேத்தி அவரிடம்தான் கையை நீட்டுவாள். நானும் பக்கத்தில் நின்று வணக்கம் சொல்வேன். ஆனால் மன்னிக்க மாட்டேன்.

இடம்: ரத்தம் ஏற்றும் பிரிவு, வெளிக்கூடம்
நாள்: செவ்வாய்க்கிழமை, மறுதேர்வுக்கு முந்தின வாரம்

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையெழுத்து)
சிறுமியின் பாட்டி

பி.கு.: பதினோராம் பத்தியில் ஆளைக் குறிப்பிடவில்லை என்று மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள்: மிட்டாய் டாக்டர்.